புரவலர் வரும் நாள்

மேலாளர், ஓடாத மெஷினின் குழாயை அவள் கணவனின் கையில் வைத்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். ஊசியும் இல்லை, ரத்தமும் இல்லை. படத்துக்கு அது போதும். அவள் கால்மாட்டில் நின்று, மனப்பாடம் பண்ணிய சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். புரவலர். புரவலர்.

அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின்கள் ஐந்து. ஒவ்வொன்றின் தலையிலும் கொடுத்தவர் பெயர் பொறித்த பித்தளைப் பலகை. ஐந்தில் மூன்று படுத்துவிட்டன. மெஷின் வாங்கித் தர ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், பழுது பார்க்கத்தான் நாதியில்லை. ஒரு பம்புக்கும் வடிகட்டிக்கும் எந்த மகராசன் பலகை மாட்டிக்கொள்வான்? வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தவனுக்கு இப்போது ஒரே தடவைதான். படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் சாய்ந்தபடியேதான் விடியவேண்டியிருக்கிறது.

இன்று அவனுடைய முறை. ஆனால் காலையிலேயே மேலாளர் வந்து, இன்று புரவலருடைய அப்பாவின் நினைவு நாள், அவர் வருகிறார், அப்பா பெயர் போட்ட மெஷினில் உன் வீட்டுக்காரர் படுக்கட்டும், சிரித்த முகமாய் இருக்கட்டும், படம் எடுத்ததும் அந்தப் பக்கம் மாற்றிவிடலாம் என்றார். ஓடுகிற மெஷினில் வேறொருவரைப் படுக்கவைத்தார்கள். அவள் மறுக்கவில்லை. கொடுத்தவரிடமே நேரில் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்தாள்.

"புரவலர்னா என்ன சார்?" என்று அப்போதே கேட்டுவைத்தாள்.

"சும்மா குடுக்கறவர் இல்லம்மா. காப்பாத்தி வச்சிருக்கறவர். ராஜா காலத்து வார்த்தை. நல்லா அழுத்திச் சொல்லு."

முடி வெட்டிக்கொண்டே முப்பது வருஷம் ஊர்க்கதை பேசிய வாய், கணவனுக்கு. சும்மா இருக்குமா?

"அந்த ராஜாங்க புலவருக்கெல்லாம் யானை குடுத்தாங்களாமே சார். அதுக்குத் தீனி யார் போட்டாங்களாம்?"

மேலாளருக்கே சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

புரவலர் வெயில் ஏறியபின்தான் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மனம் வராத முகம். அப்பாவின் பலகையைத் தடவிப் பார்த்தார்; கண் கலங்கிற்று. காலையில் அவள்தான் அதைப் புளி போட்டுத் துலக்கியிருந்தாள். அவர் குனிந்து, பிளாஸ்திரி ஒட்டிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். படம் எடுத்தார்கள். மேலாளர் அவளுக்குக் கண்ணைக் காட்டினார்.

"எங்களைக் காப்பாத்துற புரவலர் நீங்க. நல்லா இருக்கணும்," என்றாள். நாக்கு இடறவில்லை. அதே மூச்சில், "ஐயா, இந்த மெஷின் ஓடி ரொம்ப நாளாச்சுங்க," என்றும் சொல்லிவிட்டாள்.

மேலாளரின் முகம் செத்துப்போயிற்று. புரவலர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அப்பா பேர் போட்டது ஓடாம நிக்கிறதா? கூடாது. அடுத்த நினைவு நாளுக்குப் புதுசே வாங்கிடலாம்."

"அதுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்குங்களே. பழசைச் சரி பண்ணாப் போதுங்கய்யா. இவருக்கு அவ்வளவு நாள்..."

"ரிப்பேர்ல அப்பா பேரை எங்கம்மா போடறது?" என்றார் அவர். கேலியில்லை, புரியாமல்தான் கேட்டார். பிறகு அவள் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த அறையில் அவர் கொடுத்த குடிதண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார். நாளுக்கு அரை லிட்டர் தண்ணீருக்குமேல் குடிக்கக்கூடாத நோயாளிகளுக்கு எவ்வளவு பெரிய தொட்டி.

எல்லாரும் போனபின் மேலாளர் தனியாக வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஓடற ரெண்டும் சாயங்காலம் வரைக்கும் காலியாகாது. அப்புறம் மெஷின் பாக்கறவரு இருக்கமாட்டாரு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா."

"அடுத்த வாரமா சார்?"

அவர் பலகையிலிருந்த பூமாலையைக் கழற்றிக்கொண்டு போனார்.

அவள் பிளாஸ்திரியை உரித்தாள். கையின் முடி கொத்தாக அதோடு வந்தது.

"பதமா எடும்மா. தொழில் தெரியாதவகிட்ட மாட்டிக்கிட்டேனே," என்றான். பாதி பேச்சிலேயே மூச்சு வாங்கிற்று.

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. தரையில் உட்கார்ந்து, செருப்பை மாட்ட, நீர் கோத்து வீங்கிய அவன் காலைப் பிடித்தாள். கட்டைவிரல் பதிந்த இடத்தில் குழி விழுந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழி மேலே எழும்பவில்லை.