அவள் இல்லாத அறையில்

...நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டான், யோசிக்கவே இல்லை, காகித ஸ்ட்ராவை உதட்டிலிருந்து எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது, எல்லோரும் அப்படியா சொல்வார்கள், கொஞ்சமாவது மென்று பார்க்க மாட்டார்களா... ஒடீல் குனிந்து குறித்துக்கொண்டாள், குடித்துப் பார்ப்பவன் அவள் அண்ணன் ரெயால் என்பதால் கேள்வி கேட்கிற வேலை அவளுக்கு இல்லை, அதைச் சக ஊழியன் லோர்ன் பார்த்துக்கொண்டான். பிளாஸ்டிக்குக்கு மாற்றாக வந்திருக்கும் ஸ்ட்ராக்களை, ஸ்ட்ரா இல்லாமல் குடிக்கவே முடியாதவர்களிடம் கொடுத்துப் பார்க்கும் நாள் இது, கட்டினோ நகரில் அவர்களுடைய அரசு அலுவலகத்தில், ஆறாத சூப்போடு. இவை தேறிவிட்டால், இப்போது கேட்டால் மட்டும் விதிவிலக்காகக் கிடைக்கிற வளையும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் இனி கிடைக்காது. தசைநோய் வந்ததிலிருந்து ரெயால் அதில்தான் குடிக்கிறான், உலோகம் பல்லில் இடிக்கும், காகிதம் ஊறி உள்ளே போனால் புரையேறும், அது அவனுக்குத் தெரியாதா? தெரியும். பிறகு எப்படி நல்லா இருக்கும்... லிஃப்டிலிருந்து அவனைத் தள்ளிக்கொண்டு வந்தது லோர்ன்தான், வரும்போதே இருவருக்கும் ஒரே சிரிப்பு. விதிவிலக்குன்னு ஒண்ணு இருந்தா ஊரே அது வழியாத்தான் நுழையும் என்று போன வாரம் காபி எடுக்கும்போது சொன்னவன் இந்த லோர்ன். அப்படித் தள்ளிக்கொண்டு வரும்போதே என்னவோ சொல்லி வைத்திருக்கிறான்.

இடைவேளையில் சக்கர நாற்காலியை அவளே ஜன்னலோரம் தள்ளிப்போனாள், கீழே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது, அவள் அதைப் பார்க்கவில்லை.

“லோர்ன் உன்கிட்ட என்ன சொன்னான்?”

“ஹாக்கி பத்தித்தான். அவன் டீம் தோத்துடுச்சாம், அழாத குறை.”

“பொய் சொல்லாத ரெயால். அந்தக் காகிதம் உன் வாயிலயே கரைஞ்சுது, நான் பார்த்தேன். நீயே நல்லா இருக்குன்னா நாளைக்கு எதுல குடிப்ப?”

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். “காலைல வேன்ல ஏத்தும்போது, உன்னோட இத்தனை வருஷ உழைப்பு இன்னிக்குத்தான் தெரியும்னு சொன்ன. அப்புறம் பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்த. இது தேறணும்னு நீ நினைக்கறபோலன்னு நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். சண்டைக்கு வராத.”

நானா, தேறணும் என்று நானா நினைத்தேன்... வேனில் அப்படிச் சொன்னது நான்தானே. லோர்னிடம் போய், அவனுக்குச் சோதனையை மறுபடி வைக்கணும், நான் இல்லாமல், என்றாள். “சரி, நானும் வெளியே நிக்கறேன், வேற யாராவது கேக்கட்டும்,” என்றான் லோர்ன், உடனே, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், ஏன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறான் என்று அப்போதும் மனம் ஓடியது, ச்சே, நிறுத்து... கதவு மூடியது. உள்ளே யாரோ ஒரு பெண்ணின் குரல், பிறகு இருமல், அவள் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது, பிறகு ரெயால்: “இதுவா? நனைஞ்ச அட்டைப்பெட்டிய மெல்ற மாதிரி இருக்கு. இதைக் குடுத்தவங்கள முதல்ல குடிக்கச் சொல்லுங்க.” உள்ளே எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். இப்படி எதையாவது பிடிக்கவில்லை என்று அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் கொண்டுபோகும் பட்டாணி சூப், அவள் பார்த்துக் கொடுத்த வீடு, அவனைக் குளிப்பாட்ட அவள் ஏற்பாடு செய்த அந்த ஆள், எல்லாவற்றுக்கும் ஒரே பதில், யோசிக்காமல், உடனே... அந்த ஆளைப் பற்றி அவள் எப்போது கேட்டாள், அந்த ஆள் பக்கத்திலேயே நிற்கும்போதா, அப்போது தன் முகம் எப்படி இருந்தது? உள்ளே அடுத்த ஸ்ட்ராவை எடுக்கும் சத்தம் கேட்டது. ஒடீல் கைப்பிடியை விட்டுவிட்டு, தன் நிழல்கூடக் கதவுக் கண்ணாடியில் விழாத அளவுக்குத் தள்ளிப்போய் நின்றாள்.