யூனுஸின் பாத்திஹா

கனடா விசா நேர்காணலில் அதிகாரியம்மாள் கேட்டது நிக்பக்திடம் இல்லை, அவள் மகள் அனார்குலிடம். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதை ஆப்கன் மொழியான தாரியில் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த இளைஞன் அனார்குலை ஏற இறங்கப் பார்த்தான். பெற்றவளுக்குப் பொறுக்குமா? தெருவில் எவனாவது அப்படிப் பார்த்தால் மகளின் முக்காட்டை இழுத்துவிடுவாளே, அதே வேகத்தில் வாயைத் திறந்துவிட்டாள்.

"அவளுக்கு நிக்காஹ் முடிஞ்சாச்சு. இவரோட அக்கா மகனுக்குத்தான் கொடுத்திருக்கு. நல்லா கேட்டுக்க தம்பி, அந்தம்மாகிட்டயும் சொல்லு."

பக்கத்தில் இருந்த ஹைதர் மனைவியின் கையை அழுத்தினார். அதற்குள் இளைஞன் சொல்லி முடித்துவிட்டான். அதிகாரியம்மாள் நல்ல மனுஷிதான், முகம் வாடிப்போனது. அப்படியானால் இந்தப் பெண் உங்கள் குடும்பத்துக் கணக்கில் வரமாட்டாள், கணவன் குடும்பத்துக் கணக்கு என்றார். நீங்களும் இரண்டு பையன்களும் கனடா போகலாம், இவள் வர முடியாது.

"மருமகன் எங்கே?" என்று கேட்டார்.

அது தெரிந்தால் ஏன் இந்தப் பாடு! மருமகன் யூனுஸ் துருக்கிக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் படகேறி இரண்டு குளிர்காலம் போய்விட்டது. படகைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். யூனுஸின் குரலை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவன் விவாகரத்துக் கொடுத்திருந்தாலோ, இறந்துவிட்டதற்கு அத்தாட்சி இருந்தாலோ மறுபடியும் பார்க்கலாம் என்று அதிகாரியம்மாள் மெதுவாகச் சொன்னார்.

தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயிலிருந்து, அகதிகளாகத் தங்கியிருந்த வஹ்தத்துக்கு வேனில் திரும்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஹைதர் வெடித்தார்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"நிக்காஹ்வை ஒளிச்சு வைக்க அது என்னங்க, களவாணிச் சொத்தா? கல்யாண விருந்து வைக்கிறவரைக்கும் பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணுதானே. அங்க அதை வேற மாதிரி எடுத்துக்குவாங்கன்னு எனக்கு யார் சொன்னா?"

அவள் சொன்னதும் உண்மைதான். மனுவில் 'மணமாகாதவள்' என்று எழுதியபோது யாரும் பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளை வந்து மகளை அழைத்துப் போகவில்லை, மேளம் கொட்டவில்லை. இவர்கள் ஊரில் அதற்குப் பெயர் கல்யாணம் ஆகாத பெண். ஆப்கானிஸ்தானில் சொந்த ஊரான கஸ்னியை விட்டுக் கிளம்புகிற அவசரத்தில், நிக்காஹ் ஆன பெண் என்றால் வழியில் துப்பாக்கிக்காரன் எவனும் அவளைப் பெண் கேட்கமாட்டான் என்று ஒற்றைக் காலில் நின்று அதை முடித்து வைத்தவளும் நிக்பக்த்தான். காப்பாற்ற என்று கட்டிய முடிச்சு இப்போது மகளின் கழுத்தையே இறுக்குகிறது. என் கையாலேயே கெடுத்தேனே, என் வாயாலேயே கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை டோரீன் அம்மா வீடியோவில் வந்தார். இந்தக் குடும்பத்தைப் பொறுப்பேற்று அழைத்துக்கொள்வதாகக் கனடாவில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் மூத்தவர் அவர்தான். இங்கே நடந்தது இன்னும் அவருக்குத் தெரியாது. வாடகைக்குப் பிடித்த வீட்டின் மாடியறைக்குப் போய், அனார்குலுக்கென்று போட்டிருந்த கட்டிலைக் காட்டினார். ஜன்னலுக்கு மஞ்சள் திரை, அவளே கேட்ட நிறம். அனார்குல் சிரித்து, நன்றி சொல்லி, போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். கட்டிப்பிடிக்கப் போன தாயைத் தடுத்தாள்.

"விடும்மா. நீங்க போங்க. தம்பிங்க அங்கயாவது படிக்கட்டும். நான் இங்க ரொட்டி சுடுற வீட்டுல வேலை கேட்டுக்கறேன்."

"தனியாவா? யாருமில்லாத ஊர்ல உன்னைத் தனியா விட்டுட்டா?"

"நான் என்னம்மா பண்ண? நான் பொண்ணும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல."

அன்றே நிக்பக்த் வஹ்தத் மசூதிக்குப் போய் இமாமைக் கேட்டாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார், பிள்ளை இறந்துவிட்டான் என்று பெற்ற தாய் தன் ஊர் மசூதியில், நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்லி, இறந்தவர்களுக்கு ஓதும் பாத்திஹாவை அவனுக்கு ஓதினால் அந்த மசூதிக்காரர்கள் அத்தாட்சி எழுதிக் கொடுப்பார்கள். தாய் சொல்லாமல் யாரும் எழுதமாட்டார்கள்.

தாய் என்றால் ஹமீரா. ஈரானில், மஷ்ஹதில் இருக்கிறாள், ஹைதரின் மூத்த அக்கா. நிக்பக்த் மருமகளாக வந்த நாள் முதல் இரண்டு பேருக்கும் ஏட்டிக்குப் போட்டிதான். ஹமீராவின் நாக்கு ஆட்டை உரிக்கிற கத்தி. ஆனால் படகு போன நாளிலிருந்து அவள் போனில் கேட்பது ஒன்றே ஒன்று: "பையன் உங்ககிட்ட பேசினானா?"

"நீங்க கேளுங்க" என்று போனைக் கணவரிடம் நீட்டினாள்.

"எந்த வாயாலடி கேப்பேன்? அவ இடுப்புல உக்காந்து வளர்ந்தவன் நான்" என்று ஹைதர் முகத்தை மூடிக்கொண்டார்.

முடிச்சைப் போட்டவள்தானே அவிழ்க்க வேண்டும்! நிக்பக்தே எண்ணை அழுத்தினாள்.

"பையன் பேசினானா?"

"இல்லக்கா." சுற்றி வளைக்கத் தெரியாமல் நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். மறுமுனையிலிருந்து வந்தது பாருங்கள், அப்படி ஒரு வசவு.

"அடி பாவி! எம் புள்ளைய முழுங்கிட்டுத்தான் உனக்கு விமானம் ஏறணுமா? வந்த நாள்லயே தெரியும்டி நீ எங்க குடும்பத்தைக் கரையேத்த வந்தவ இல்லன்னு! உம் மகனை செத்தவன்னு சொல்லுவியா நீ? சொல்லு பாப்போம், இப்பவே சொல்லு!"

நிக்பக்தால் சொல்ல முடியவில்லை. தன் பையன்களின் பெயரை எடுக்கக்கூட வாய் வரவில்லை. "மன்னிச்சிருக்கா" என்று அழுதாள். ஹமீரா போனை வைத்துவிட்டாள்.

பல நாள் ஒரு செய்தியும் இல்லை. பிறகொரு மதியம், ஹைதர் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, நிக்பக்தின் போனுக்கு மஷ்ஹதிலிருந்து ஒரு வீடியோ வந்தது. மசூதியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கறுப்புத் துணி விரித்து யூனுஸின் படம், மீசை அரும்பிய முகம், பக்கத்தில் தட்டில் இறந்தவர் பெயரில் பங்கிடும் பேரீச்சை, ஹல்வா. ஹமீரா எழுந்து நின்றாள். "எம் மகன் யூனுஸ் கடல்ல போயிட்டான். எல்லாரும் அவனுக்காக ஓதுங்க" என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

அக்கம்பக்கத்து ஆப்கன் பெண்களுக்குச் சேதி போய்விட்டது, துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். ஊருக்காகவாவது கறுப்பு உடுத்து என்று மகளுக்கு நிக்பக்த்தான் எடுத்துக் கொடுத்தாள். அனார்குல் உடுத்தி வந்து உட்கார்ந்தாள். முதலில் தலையைக் குனிந்துகொண்டு சும்மாதான் இருந்தாள். யாரோ ஒருத்தி "எப்பேர்ப்பட்ட அமைதியான பிள்ளை" என்றதும் நிக்காஹ்வுக்குப் போட்டு விரலில் கிடந்த சிவப்புக்கல் மோதிரத்தைப் பற்றிக்கொண்டு ஓவென்று கதறினாள். அது ஊருக்காக அழுத அழுகை இல்லை. இத்தனை நாள் அழக்கூட உரிமையில்லாமல் வைத்திருந்தோமே என்று தாய்க்கு அப்போதுதான் உறைத்தது.

மஷ்ஹத் மசூதியின் முத்திரை வைத்த காகிதம் வந்தது, அதிகாரியம்மாளிடம் போனது. பனி உருகி, மல்பெரி பழுக்கும் காலத்தில் விசா வந்தது, ஐந்து பேருக்கும். அனார்குலின் பெயருக்கு எதிரே 'விதவை' என்று போட்டிருந்தது. டோரீன் அம்மா வீடியோவில் அழுதார், சிரித்தார், மஞ்சள் திரையை மறுபடி காட்டினார்.

பாத்திஹாவுக்குப் பிறகு ஹமீராவிடம் பேசும் தைரியம் நிக்பக்துக்கு வரவில்லை. பயண நாள் குறித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியுமா? கூப்பிட்டாள்.

"விசா வந்துடுச்சுக்கா. அனார்குலுக்கும்."

"அல்லா காப்பாத்தட்டும். கொழந்தை நல்லா இருக்கட்டும்." ஹமீராவின் குரலில் கத்தி இல்லை. "அவளை அங்க படிக்க வை. உன்னை மாதிரி வாயாடியா ஆக்கிடாதே."

"சரிக்கா." நிக்பக்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நீங்க செஞ்சதை நான் எப்படிக்கா மறப்பேன்..."

"அந்தப் பேச்சை விடு. அன்னிக்கு ஹல்வாவை நான் வாயில வைக்கல, தெரியுமா? வந்தவங்க தின்னாங்க. நான் தொடல." பிறகு, ஊருக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்வதைப் போல, சாதாரணமாகச் சொன்னாள்: "அங்க போய் இறங்கினதும் முதல் வேலையா வீட்டு விலாசத்தை அனுப்புடி. பையன் வந்து என் பொண்டாட்டி எங்கேன்னு கேட்டா நான் சொல்லணும்ல."

நிக்பக்த், கறுப்பு உடுப்பில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"அனுப்பறேன்க்கா" என்றாள்.