நூற்றொன்றாவது இடம்

1974 ஜனவரி முதல் சனிக்கிழமை காலையில் ஒடெஸ்ஸா கிரிக்ஸ்பியின் பாட்டு பட்டியலில் நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது; மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் வீடு பதினோரு அங்குலம் பூமிக்குள் இறங்கிவிட்டது. ஓர் இடத்துக்கு ஓர் அங்குலம். தெற்கு மெம்பிஸில் ஹாலிஸ் தெருக்காரர்களான எங்களுக்கு இது பழகிப்போன விஷயம். முப்பதாவது இடத்திலிருந்து முதலிடத்துக்குத் தாவிய கிரென்ஷாவின் வீடு அப்படியே மேலே எழும்பி, வாசலுக்கு முக்காலி போட வேண்டியதாயிற்று. அன்றோடு அவர் மாமியார் வருவதை நிறுத்திக்கொண்டார். அதற்கும் சேர்த்து கிரென்ஷா விமர்சகருக்கு நன்றி சொன்னார். பட்டியலைவிட்டே விழுந்தவர்கள் கதைதான் வேறு. டூயி ப்ளாண்ட் விழுந்த அன்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் அந்த இடம் வெறும் புல்தரையாகிவிட்டது. பதினைந்து அடி தோண்டினோம், மண்தான் இருந்தது.

பட்டியல் போடுகிறவர் க்ளியோஃபஸ் யார்ப்ரோ. பகலில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பார்; மிச்ச நேரமெல்லாம் எங்கள் வாரப் பத்திரிகையின் இசை விமர்சகர். தேவாலயத்தில் பழகிய குரலால் காதலையும் துரோகத்தையும் பாடும் சோல் பாட்டுகளில் தலைசிறந்த நூறு எவை என்று வருடாவருடம் ஒரு பக்கம் எழுதுவார். விலைக்கு வாங்க முடியாத மனிதர். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் இனிப்புப் பண்டம் செய்து கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. அதைத் தின்றுவிட்டு அவர்களை இரண்டு இடம் இறக்கிவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, இசைத்தட்டின் முன்பக்கத்தை மட்டும் கேட்பார். பின்பக்கம் என்பது தட்டு மொட்டையாக இருக்கக் கூடாதென்று நிரப்பி வைப்பது, அதைக் கேட்பது காதுக்கு மரியாதை இல்லை என்பது அவர் கட்சி; தெருவிலும் அதுவே பழக்கமாயிற்று. இப்படி யாருக்கும் வளையாததால்தான் யாரும் அவரை வெறுக்கவில்லை. மழையை யாரும் வெறுப்பதில்லையே.

ஒடெஸ்ஸா சலவை ஆலையில் வேலை பார்த்தவர். 1966இல் ஒரே ஒரு தட்டு பாடினார், அதன் பெயர் ‘நீ போன கதவு’. அதைக் கேட்டு அழாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. 1969இன் முதல் பட்டியலில் அது பன்னிரண்டாவது இடத்தில் இருந்தது. புதுப் பாட்டுகள் வர வர அது கீழே போயிற்று. ஆனால் ஒவ்வொரு வருடமும் யார்ப்ரோ அதைப் பற்றி ஒரே விஷயத்தைத்தான் எழுதினார்: “மற்றதெல்லாம் சுமார். ஆனால் அந்த ஆர்கன், சொல்லலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்துவிட்டு உள்ளே வருகிறது. அது ஒன்றுக்காகவே இந்தத் தட்டு இங்கே இருக்கிறது.” எங்கள் தட்டுகளில் கிதாரும் இரண்டு எக்காளங்களும்தான் கேட்டன, தேவாலயத்தில் வாசிக்கிற அந்த ஆர்கன் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் காதை ஒட்டிவைத்துப் பார்த்தோம். முடிதிருத்தும் ஹோசியா மூன்றாம் தடவையில் தனக்குக் கேட்டுவிட்டது என்றார். அப்புறம் யார் இல்லை என்பது? தெரு முழுக்க அந்த ஆர்கனைக் கேட்கத் தொடங்கியது. அதன் நயத்தைப் பற்றிக் கல்யாணங்களில் விவாதம்கூட நடந்தது.

வீடு இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தார் வாசலுக்கு மண்ணில் படி வெட்டிக் கொடுத்தார்கள். நகராட்சி ஆள் வந்து அளந்து, நிலவறை என்று எழுதிக்கொண்டு போனார். 1980இல் பாட்டு நூறாவது இடத்தில் நின்றது. பட்டப்பகலிலும் விளக்கெரிய, ஈரத்தில் ஒடெஸ்ஸா இருமிக்கொண்டே இருந்தார். சிகாகோவில் இருந்த தங்கை கூப்பிட்டும் போகவில்லை. அடுத்த ஜனவரியில் ப்ளாண்டுக்கு நடந்தது இவருக்கும் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் பத்திரிகை வாங்குவதை நிறுத்தவில்லை.

அந்த டிசம்பரில் யார்ப்ரோ, முகத்தில் சோப்பு நுரையோடு ஹோசியாவின் கடை நாற்காலியில் சாய்ந்திருந்தபோது பாட்டுப்பெட்டியில் ஒரு தட்டு ஓடியது.

“யாருய்யா இது, இப்படிப் பாடுறது?”

“என்ன பிரதர், கிண்டலா? நம்ம ஒடெஸ்ஸாதான்.”

“ஆர்கன் எங்க?”

ஹோசியா கத்தியைத் துடைத்தார். “அது உங்க காதுக்குத்தான் பிரதர் கேக்கும். நாங்க சும்மா ஆமாம்னு சொல்லிக்கிட்டுத் திரியுறோம்.”

பாதி முகத்தில் நுரையோடு யார்ப்ரோ வீட்டுக்கு ஓடினார். விமர்சகர்களுக்கென்று முதலில் அடித்த தட்டுகளில் தட்டு அடிக்கும் ஆலைக்காரர்கள் முன்பக்கப் பெயர்ச்சீட்டைப் பின்பக்கத்தில் மாற்றி ஒட்டியிருந்தார்கள். கடைக்கு வந்தவற்றில் சரிசெய்துவிட்டார்கள். அவரிடம் இருந்தது முதலில் அடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். பிறகு, முகத்தைக்கூடத் துடைக்காமல், மண்படிகளில் இறங்கினார்.

ஒடெஸ்ஸா புத்தாண்டுக்கான காராமணியைக் களைந்துகொண்டிருந்தார்.

“சிஸ்டர், பன்னண்டு வருஷமா தப்பான பக்கத்தைக் கேட்டிருக்கேன். உங்க பாட்டுக்கு மூணாவது இடம். சனிக்கிழமை வீடு வெளிய வந்துரும்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீங்க ஆர்கன்னு எழுதின மொத வருஷமே தெரியும். அன்னைக்கு முன்பக்கம் முடிஞ்சப்ப கால் மணி நேரம் மிச்சம் இருந்துச்சு. பின்பக்கத்துக்கு எதையாவது வாசிங்கன்னாங்க. எனக்குத் துணைக்கு வந்த லெமுவெல் போய் ஆர்கன்ல உக்காந்துட்டான்.”

லெமுவெல் அவருடைய ஒரே மகன். அப்போது பத்தொன்பது வயது. மறுவருடம் வியட்நாமுக்குப் போனான். திறக்கக் கூடாது என்று சொல்லிச் சவப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“அவன் செத்தப்ப பேப்பர்ல பேரைத் தப்பாப் போட்டாங்க. அதுக்கப்புறம் அவனப் பத்தி எழுதினது நீங்க ஒருத்தர்தான். வருஷா வருஷம்.”

“அவனப் பத்தித் தனியா ஒரு பக்கம் எழுதுறேன் சிஸ்டர்.”

“இப்ப எழுதினா பாவம்னு எழுதுவீங்க. அது யாரு வாசிச்சதுன்னே தெரியாம, நல்லா இருக்குன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் எனக்கு வேணும்.”

“வீட்டோட போயிருவீங்களே!”

“போறேன். அந்த ஆர்கன் பக்கத்தையே வைங்க, இடத்தை மட்டும் ஏத்திப் போட்டுராதீங்க. பொய்யா ஏத்தினா எம்புள்ளைக்குத்தான் அவமானம்.”

யார்ப்ரோ அந்த வாரம் வேலைக்குப் போகவில்லை. எல்லாத் தட்டுகளையும் மறுபடி கேட்டார். ஆர்கன் வாசித்த பக்கம், அவர் காதுக்கு நேர்மையாக, நூற்றொன்றாவது இடத்தில் வந்து நின்றது. சனிக்கிழமை வந்த பட்டியலின் தலைப்பு ‘தலைசிறந்த நூற்றொரு சோல் பாட்டுகள்’. வீடு ஓர் அங்குலம் இறங்கி நின்றது. அடுத்த வருடம் நூற்றுப் பதினாறு. அதற்கடுத்து நூற்றிருபத்தெட்டு. அந்தப் பாட்டை எட்டுகிறவரைக்கும் அதற்கு மேலே இருக்கும் ஒவ்வொன்றையும் அவர் கேட்டு, எடைபோட்டு, எழுத வேண்டியிருந்தது. பத்திரிகைக்குப் பக்கம் கூடியது, அவருக்குக் கண் போயிற்று. நடுவிடங்களில் இருந்தவர்கள் இத்தனை நீளப் பட்டியல் எதற்கென்று முணுமுணுத்தார்கள். கடைசி வரி மட்டும் மாறவில்லை, அதே ஆர்கன், அதே வாசல்.

1988இல் இடம் இருநூற்றுப் பதினான்கு. இப்போது புல்லுக்கு மேலே இரண்டடிப் புகைபோக்கி மட்டும் தெரிகிறது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஜனவரி முதல் சனிக்கிழமை யார்ப்ரோ தடவிக்கொண்டே வந்து, பத்திரிகையைச் சுருட்டி அதற்குள் போடுவார். நாங்கள் சுற்றி நிற்போம். கீழே இருமல் கேட்கும். கடைசிப் பக்கம்வரை வாசிக்க ஒடெஸ்ஸாவுக்குக் கால் மணி நேரமாகும். பிறகு தட்டு சுழலத் தொடங்கும், கொஞ்சம் தாமதித்து ஆர்கன் உள்ளே வரும். எங்கள் எல்லோருக்கும் அது கேட்கிறது. இப்போது யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.