எட்டு மணி லோடு

பக்கத்தில் கிடந்த போன் அடித்ததும் அவள் கை தானாகப் போய் எடுத்துவிட்டது. "சொல்லுங்க... பிரிட்ஜும் ரெண்டு பீரோவுமா? மாடியா? சரி, நாளன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு வண்டி நிக்கும்." சொல்லி வைத்த பிறகுதான் கூடம் கப்சிப்பென்று ஆகியிருப்பது உறைத்தது. வண்டியை ஓட்டவேண்டியவர் எதிரே வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். விடிந்ததும் டீ கேட்டவர், அது ஆறுவதற்குள் போய்விட்டார்.

கொழுந்தன் குனிந்து, "என்ன அண்ணி இது? திரும்பக் கூப்பிட்டு, வண்டி வராதுன்னு சொல்லிடுங்க" என்றான்.

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்தொன்பது வருடப் பழக்கம், அது பாட்டுக்கு வந்துவிட்டது. அவர் ஓட்டுவார், அவள் வீட்டிலிருந்தபடி போனைப் பார்த்துக்கொள்வாள். யார் வீட்டு மாடிப்படி குறுகல், எந்தக் கடையில் மதியம் ஷட்டரை இறக்கிவிடுவார்கள், பத்து நிமிடம் தாமதமானால் யாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், எல்லாம் அத்துப்படி. ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

இன்று அவர்களெல்லாம் வந்துகொண்டிருந்தார்கள். யாரென்று தெரியாமல் உறவுக்காரர்கள் முழிக்க, வந்தவர்கள் வாயைத் திறந்ததும் அவளுக்கு மட்டும் தெரிந்தது.

"நேத்து சாயங்காலம்கூட நம்ம கடைக் கட்டிலை இறக்கிட்டுப் போனாரேம்மா" என்றாள் பருத்த பெண்மணி ஒருத்தி. சோபாக் கடைக்காரி. தினமும் போனில் மல்லுக்கு நிற்கும் குரல். இத்தனை காலமும் அவளை ஒல்லிக்குச்சி என்றல்லவா நினைத்திருந்தாள்.

சோபாக் கடைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, "இனிமே நான் யார்கிட்ட சண்டை போடுவேன்? வண்டி ஓடுமா?" என்று கேட்டாள்.

கொழுந்தன் முந்திக்கொண்டான். "ஓட்ட ஆளில்லாத வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்றது? வித்துட்டு அண்ணி எங்களோட வந்துடுவாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அவரோடு சேர்த்துத் தன் வேலையையும் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள். இன்னொருவர் வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களை நினைக்கவே பயமாக இருந்தது.

உடலை எடுத்துப்போக வந்த வண்டியால் வாசல் வரை வரமுடியவில்லை. சந்தில் வழியை அடைத்துக்கொண்டு இவர்கள் வண்டி நின்றது. கொழுந்தன் சாவியை வைத்துக்கொண்டு தடுமாறினான்.

"நான் எடுக்கட்டுமாக்கா?"

ஸ்டாண்டில் அவரோடு நிற்கும் நெட்டை டிரைவர். சொந்த வண்டி வைத்திருந்தவர்தான். கூப்பிட்டால் போனே எடுக்கமாட்டார் என்று பெயர் வாங்கி, வாடிக்கை எல்லாம் கைவிட்டுப்போய், இப்போது கூலிக்கு ஓட்டுகிறார்.

அவள் கொழுந்தனிடமிருந்து சாவியை வாங்கி அவரிடம் கொடுத்தாள். வாசலில் நின்று பார்த்தாள். இருபக்கமும் ஒரு சாண்கூட இடமில்லாத சந்து. எதிலும் உரசாமல் ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, தெருமுனையில் ஓரம்கட்டினார். ஆனால் கதவைத் திறந்து இறங்கத்தான் அவரால் முடியவில்லை. அவள் கணவர் குள்ளம். ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கிடந்த சீட்டில், முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர்.

அவள் தெருமுனைக்கே போய்விட்டாள். "சீட்டைத் தள்ளிக்கிட்டிருக்கலாமே?"

"அண்ணன் வச்ச இடம்க்கா. எப்படித் தொடறது?" ஒருவழியாக இறங்கி, காலை உதறிக்கொண்டு நின்றார்.

பின்னாலேயே வந்த கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"நாளன்னிக்கு எட்டு மணிக்கு லோடு இருக்கு. ஓட்டுவீங்களா?"

"ஓட்டறேன்க்கா."

"போனை நான் பார்த்துக்கறேன். நீங்க வண்டியை மட்டும் ஓட்டுங்க."

சொல்லிவிட்டுக் கதவுக்குள் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். கம்பி துருப்பிடித்து அசையமாட்டேன் என்றது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கிரீச்சென்று சீட்டு ஒரு பல் பின்னால் போயிற்று, அப்புறம் இன்னொன்று. நிறுத்தி, திரும்பி டிரைவரின் கால்களைப் பார்த்தாள். பிறகு இன்னும் ஒரு பல் தள்ளினாள்.