மூன்று பட்டங்களும் ஒரு கடிதத்தாளும்

மூன்றாவது பட்டம் வந்த வாரத்தில் நீதிபதி தன் மனைவியின் இடுப்பளவுக்கு வந்துவிட்டார். அந்நிய அரசு ஒவ்வொரு முறை பதக்கம் குத்தும்போதும் ஒரு சாண் குறைந்தார். இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. பட்டம் வாங்கிய வக்கீல்களும் வியாபாரிகளும் அப்படித்தான் குறைந்தார்கள். கிளப்பில் அவர்களுக்காக மேஜைக் கால்களை அறுத்து வைத்திருந்தார்கள். துரைகளுக்கும் சௌகரியம், தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்க வேண்டியதில்லை. கோர்ட்டில் சேவகர் நீதிபதியைத் தூக்கி நாற்காலியில் வைப்பார். வைத்ததும் அவர் மற்றவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்.

மனைவி அவருடைய கால்சட்டைகளைப் பிரித்து மடித்துத் தைத்தாள். கூடவே தன் பாவாடைகளின் ஓரத்தையும். பட்டக்காரரின் மனைவிக்கும் சீமாட்டி என்று ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டு வரும். துவைத்தால் துணி சுருங்கும் என்று தெரிந்தும், நீண்டுவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவரை இளக்காரமாகப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தில் தன்னை அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

துறைமுகத்தில் வேலைநேரத்தைக் குறைக்கக் கேட்டவர்களைச் சிப்பாய்கள் சுட்டார்கள். பதினோரு பேர் செத்தார்கள். சுமைதூக்கிகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த அவள் தம்பிக்கு முழங்காலில் குண்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சீமாட்டிக்கெல்லாம் இங்க என்ன வேலை? எங்க அக்கா இருந்தா வரச் சொல்லுங்க.”

ஊரில் பட்டங்கள் திரும்பிப் போகத் தொடங்கின. பல் டாக்டர் பதக்கத்தைத் தபாலில் போட்டுவிட்டுத் தெருவைக் கடப்பதற்குள் அவருடைய சட்டைக் கை முழங்கைக்கு ஏறிவிட்டது. நீங்களும் திருப்பிக் கொடுங்கள் என்று அவள் கணவரிடம் சொன்னாள். அவர் நாலு நாள் யோசித்தார். தெருவில் சிரிப்புக் கேட்டதும் ஐந்தாம் நாள் எழுதினார். அவள் வாங்கிப் பார்த்தாள். தாளின் தலையில் மூன்று பட்டங்களும் பொன்னெழுத்தில் புடைத்து நின்றன. கையெழுத்துக்குக் கீழேயும் அவையே.

“பட்டம் வேணாம்னு பட்டத்தப் போட்டே எழுதியிருக்கீங்களே!”

“போடலேன்னா யாரு எழுதினதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல தாளுடி. ஐந்நூறு அச்சடிச்சு வெச்சிருக்கு.”

இவ்வளவு பணிவான எதிர்ப்பைக் கண்டதில்லை என்று பாராட்டி, அரசு நாலாவது பட்டம் கொடுத்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவள் குனிந்தாள். குனிந்தபோது தன் பாவாடை தரையில் புரள்வதும் கண்ணில் பட்டது. இத்தனை வருஷமும் அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த ஏளனம், வாசல் தவறிப்போன விருந்தாளி சரியான வீட்டுக்கு வந்ததுபோல, அவளிடமே வந்து நின்றது.

சர்க்கரை கட்டி வந்த காகிதத்தைத் தடவி நீவினாள். ‘உங்கள் சீமாட்டி எனக்கு வேண்டாம்’ என்று எழுதி, அம்மா வைத்த பெயரைப் போட்டு, தானே போய்த் தபாலில் சேர்த்தாள். ஆஸ்பத்திரி வாசல்நிலையின் மேற்கட்டை தலையில் இடித்தது.

தம்பி திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“வந்துட்டியாக்கா? உக்காரு. அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது.”

அங்கே கிடந்த முக்காலியில் அவளால் காலை மடக்க முடியவில்லை. நர்ஸ் உயரமான நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள்.