நாற்பத்தொன்றாவது வரிசைக்கு என்ன நிறம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை என் தங்கை என் மேசைமேல் ஒரு காகிதத்தைக் கோபமாக வைத்துவிட்டுப் போனாள். நான் எழுத்தாளன். யார் எதைக் கோபமாக வைத்தாலும் அதில் கதை தேறுமா என்றுதான் பார்ப்பேன். கெட்ட பழக்கம்தான், என்ன செய்வது.

2

முதல் தொடக்கம்: “ஜன்னல் இல்லாத அந்த அறையில் அவள் நிறங்களோடு வாழ்ந்துகொண்டு—”

(வேண்டாம். அறையில் ஜன்னல் உண்டு. அவளும் ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.)

மறுபடியும். அவள் ஒரு மருத்துவமனையில் புள்ளிவிவரம் பார்ப்பவள். அறுபது நோயாளிகளிடம் அவரவர் அறுவைசிகிச்சையன்று எடுத்த ரத்தப் பரிசோதனைகளை எண்களை நிறமாகக் காட்டும் ஹீட்மேப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு வரிசை. எண் கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பட்டை: நோய் திரும்பி வந்ததா? ஆம் என்றால் கறுப்பு, இல்லை என்றால் வெள்ளை.*

நாற்பத்தொன்றாவது வரிசை முழுக்கச் சிவப்பு, பட்டை மட்டும் பளிச்சென்று வெள்ளை. அது அவளை உறுத்தியது. மூலத் தாளைத் திறந்தாள். அந்தக் கட்டம் காலி. அந்த ஆள் ஒரு வருடமாகப் பரிசோதனைக்கே வரவில்லை. மென்பொருள் காலியைப் பூஜ்யமாக, அதாவது ‘இல்லை’ என்று, எடுத்துக்கொண்டு வெள்ளை அடித்திருந்தது.

தாளில் பெயர் கிடையாது. ஆனால் அறுவைசிகிச்சைத் தேதி இருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம்வரை அறுவைசிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

* இப்படி இரண்டே பதில் உள்ளதை இருநிலை மாறி என்பார்களாம். தப்பாக இருந்தால் என் தங்கையைத் திட்டுங்கள்.

3

அந்த ஆளை யாராக்குவது? பஸ் ஓட்டுநராக்கினேன். வேலைப் பளுவில் பரிசோதனைக்குப் போக நேரமில்லாமல்—

படித்துப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவருக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள், போகவில்லை. பயம். வேறு ஒரு காரணமும் இல்லை. இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும், அந்த வரிசை நான்தான்.

4

அவள் அந்தக் காலிக் கட்டத்துக்குச் சாம்பல் நிறம் கொடுத்து, பெரிய டாக்டரிடம் கொண்டுபோனாள்.

“என்னம்மா இது, நடுவுல அழுக்கு மாதிரி?”

“தெரியலைன்னு அர்த்தம் சார்.”

“பார்க்கவே நல்லா இல்லை. அந்த வரிசையை எடுத்துடுங்க.”

“எடுக்க மாட்டேன் சார். ஆள் இருக்காரு.”

(இதை அவள் அப்படியே சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பாள்.)

அன்று சாயங்காலமே அந்தப் படத்தை அச்சடித்த காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் சொன்னது: “கதையா எழுதினா நல்லா வரும் போலிருக்கே.”

“நீ கதை எழுதறதுக்கு இதைக் கொண்டு வரலை அண்ணா. முன்னப்பின்ன தெரியாத அம்பத்தொம்பது பேருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். கூடப் பொறந்தவனுக்கு என்னன்னு தெரியாது. இது உனக்கே நல்லாருக்கா?”

அப்போதுதான் காகிதத்தை வைத்துவிட்டுப் போனாள்.

5

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். வெள்ளை முடிவு நான்கு வரி வந்தது. கறுப்பு முடிவு நான்கு பக்கம் வந்தது, பாழாய்ப்போன கை, நன்றாகவே வந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆகவே முடிவு உங்கள் கையில். ஒரே ஒரு வேண்டுகோள். இவ்வளவு நேரம் படித்த பிரியத்தில் அந்தக் கட்டத்துக்கு வெள்ளை அடித்துவிடாதீர்கள். அந்தத் தவற்றை மென்பொருள் ஏற்கெனவே செய்துவிட்டது. நானும் ஒரு வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் சாம்பலாகவே இருக்கட்டும்.

ஒன்பது மணிக்குப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். வாசலில் தங்கை மூன்றாவது முறையாக ஹாரன் அடிக்கிறாள். போய்விட்டு வருகிறேன்.