வேறு பெயர்கள் என்ற கட்டம்

1
இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து திருடினேன். மின்னியாபொலிஸில் சோமாலியர் கடைத்தொகுதி ஒன்றில், இப்லாவின் பணம் அனுப்பும் கடையை ஒட்டி உட்கார்ந்து தேநீர் குடிப்பது என் பல வருட வழக்கம். காதை மூடிக்கொள்ளும் வழக்கம் கிடையாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி கொட்டிய அந்தக் காலையில், விதி கோட்டு மாட்டிக்கொண்டு..." [சே. வந்தவர் மாநில அரசின் ஆய்வாளர். கோட்டு மாட்டியிருந்தார், அவ்வளவுதான்.]

2
அந்த ஆய்வாளர் ஹால்வர்சன் கையில்தான் இப்லாவின் உரிமம் இருந்தது. புதுப்பிக்கலாம் என்று அவர் எழுதினால் கடை உண்டு. இல்லையென்றால் வெள்ளிக்கிழமை இழுத்து மூட வேண்டியதுதான். ஒற்றை ஆளாக நின்று கட்டிய கடை. இப்லா நீட்டிய படிவத்தில் அவர் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"மேடம், பணம் வாங்குறவர் முகமது அப்தி நூர். சரி. பக்கத்துல இன்னொரு சொல் இருக்கே, அப்படின்னா?"

"'ஒத்தக்காது' சார். பட்டப்பேரு. அந்த ஊர்ல முகமது அப்தி நூர் நாலு பேர். மத்த மூணு பேருக்கும் ரெண்டு காது."

"திட்டுற மாதிரி இருக்கே?"

"ஐயோ, அவரே அப்படித்தான் சொல்லிக்குவாரு."

வரிசையில் நின்ற டாக்ஸிக்காரர் கூலேத் குறுக்கே புகுந்தார். "என்னைக் கோணவாயன்னு போடுங்க சார். கூலேத்னா எங்கம்மாவே யாருன்னு கேப்பா."

"அண்ணே, கொஞ்சம் வாயை மூடுறீங்களா?"

"மூடினாலும் கோணலாத்தாம்மா இருக்கும்."

3
(உரிம விதிகள் பற்றி இங்கே மூன்று பக்கம் எழுதி, கிழித்துவிட்டேன். சுருக்கம் இதுதான்: இவளை நம்பிப் பணத்தைக் கொடுக்கலாம் என்று அரசு ஊருக்குச் சொல்வதன் பெயர் உரிமம். படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம். வேறு பெயரில் திரிகிறவன் திருடனாக இருக்கலாம். ஆகவே அதை நிரப்பினால் சந்தேக அறிக்கையும் அனுப்ப வேண்டும். இப்லா கட்டத்தை நேர்மையாக நிரப்பியிருந்தாள், அறிக்கை அனுப்பவில்லை. சோமாலியரில் பட்டப்பேர் இல்லாதவரே கிடையாது; அனுப்பியிருந்தால் ஒரு தேசமே சந்தேகத்துக்குரியதாகியிருக்கும்.)

"எல்லார் மேலயும் அறிக்கை போயிருக்கணுமே மேடம்."

"எங்கப்பா மேலயுமா சார்?"

"அவருக்கும் இருக்கா?"

"வழுக்கை."

[இந்த இடத்தில் ஹால்வர்சன் சிரித்தார் என்று ஒரு பிரதியில் எழுதினேன். அப்பட்டமான பொய். அவர் பேனாவை மூடினார்.]

"விதியை நான் மாத்த முடியாது. இது உங்க ஊர் வழக்கம்தான்னு நம்பினா, விலக்குக் கேட்டு எழுதலாம். உங்க பேச்சை நம்பலாமான்னு பாக்கணும்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "மூணு நாளா வர்றேன். எனக்கும் ஒரு பட்டப்பேரு வச்சிருப்பீங்களே?"

4
வைத்திருந்தார்கள். முதல் நாளே. கூலேத் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு முடிவு: "சேச்சே, அதெல்லாம் இல்ல சார்" என்கிறாள். [இல்லை என்றால் அதுவரை சொன்னதெல்லாம் பொய். உரிமம் போச்சு.]

இன்னொரு முடிவு: கௌரவமாக ஏதோ ஒரு பெயரை இட்டுக்கட்டுகிறாள். [கூலேத் நிற்கிறாரே! வாய் சும்மா இருக்குமா?]

ஆகவே அவள் உள்ளதைச் சொன்னாள். தன் மொழியில், சத்தமாக. அவருடைய கன்னத்தைப் பார்த்து வைத்த பெயர்; பாலில் ஊறி வெளுத்துத் தொங்கும் அஞ்சேரோ என்று பொருள். அஞ்சேரோ நம் ஆப்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. வரிசை மொத்தமும் தரையைப் பார்த்தது.

ஹால்வர்சன் பேனாவைத் திறந்தார்.

"அப்படின்னா?"

என்னால் இவ்வளவுதான் முடியும். அந்தப் பெயரின் பொருளை அவருடைய முகத்துக்கு நேரே நீங்கள் சொல்லுங்கள்.